அட்டையில் சாத்தான், உள்ளே சுப்ரபாதம்

நேயர்களுக்கு வணக்கம்.

திகில் படங்களின் பின்னணி இசைத்தட்டுகளைச் சேர்க்கிறேன் என்று சொன்னால், வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேட்பீர்களா?" இல்லை. ராத்திரியில் வீட்டில் மற்றவர்கள் தூங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கையில் காபியோடு, ஜன்னல் திறந்திருக்கும்போதுதான் கேட்பேன். கீழே தெருவில் கீரைக்காரம்மா குரல் கொடுத்துக்கொண்டிருப்பார். அந்த வெளிச்சத்திலும் முதுகுத்தண்டு சிலிர்த்தால் தட்டு அலமாரிக்குப் போகும். சிலிர்க்காவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடுவேன்.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் பெரும்பாலும் தொடங்குகிற இடம் 'சைக்கோ'. நானும் அங்கேதான் தொடங்கினேன். 1960இல் வந்த ஹிட்ச்காக் படம், இசை பெர்னார்ட் ஹெர்மன். படம் கறுப்பு வெள்ளை. இசையும் அப்படியே இருக்கட்டும் என்று அவர் தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்துக்கொண்டார். வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ், அவ்வளவுதான். ஒரு டிரம் கிடையாது, ஒரு டிரம்பெட் கிடையாது. குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்பது ஹிட்ச்காக்கின் எண்ணம். ஹெர்மன் கேட்காமல் எழுதிவைத்துவிட்டார். போட்டுக் காட்டியதும் இயக்குநர் மனம் மாறினார். மற்ற இடங்களில் வாத்தியங்களில் மியூட் பொருத்தி, குரலை அடக்கி வாசிக்கவைத்தவர், அந்தக் கொலைக்கு மட்டும் மியூட்டைக் கழற்றச் சொன்னார். அதனால்தான் அந்தக் கீச்சொலி அவ்வளவு நிர்வாணமாகக் காதில் விழுகிறது.

இதெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. தட்டு கைக்கு வந்த அன்று நடந்ததே வேறு. முள்ளை வைத்தேன். இசை ஓடியது. ஆனால் ஏதோ சரியில்லை. படத்தில் ஓட்டமாக ஓடிய தொடக்க இசை, இங்கே நடந்து வந்தது. டர்ன்டேபிளின் பெல்ட் தளர்ந்துவிட்டதோ என்று மூடியைத் திறந்து பார்த்தேன். தட்டின் ஓரத்தில் சின்னக் காகிதத்துண்டை ஒட்டி, கடிகாரத்தைப் பார்த்துச் சுற்றுகளை எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பத்து மூன்றும் சொச்சமும், சரியாகத்தான் சுற்றியது. அப்புறம்தான் அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கத் தோன்றியது. இது படத்தில் ஒலித்த பதிவே இல்லை! 1975இல், படம் வந்து பதினைந்து வருடம் கழித்து, லண்டனில் வேறொரு வாத்தியக் குழுவை வைத்து ஹெர்மன் மறுபடி நடத்திப் பதிவு செய்தது. படம் வந்த காலத்தில் அதன் இசைக்குத் தட்டே வெளிவரவில்லை. அந்த 1975 டிசம்பரிலேயே ஹெர்மன் காலமானார். வயதானவர் தன் பழைய கொலையை நிதானமாக நினைத்துப் பார்ப்பதுபோல இருக்கும் அந்தப் பதிவு. முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது படத்தின் வேகத்தைவிட அந்த நிதானம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. இதில் என்னோடு சண்டைக்கு வருகிற நண்பர்கள் உண்டு.

அன்று தொடங்கிய சந்தேகம்தான் இன்றுவரை என்னைத் தட்டு வாங்கவைக்கிறது. படத்தில் கேட்டது ஒன்று, தட்டில் கிடைப்பது இன்னொன்று. 1975இல் வந்த 'ஜாஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுறாப்படம் திகில் படமா என்று கேட்காதீர்கள், அந்த விவாதத்துக்குத் தனியாக ஒரு மணி நேரம் வேண்டும். ஜான் வில்லியம்ஸின் அந்த இரண்டு சுரம் எல்லாருக்கும் தெரியும். நம் கணக்கில் சொன்னால் ஒரு சட்ஜமம், அதை ஒட்டிக்கொண்டு ஒரு சுத்த ரிஷபம். மாற்றி மாற்றி, மெல்ல மெல்ல, பிறகு வேகமாக. அந்த வருடம் வெளிவந்த தட்டில் இருப்பது, தட்டுக்கென்றே தனியாக வாசித்துப் பதிந்தது. படத்துக்காகப் பதிந்த மூல இசை ஆல்பமாக வெளிவர 2000 ஆனது. நம் சினிமாக்காரர்கள் பின்னணி இசை சேர்ப்பதையே ரீ-ரெக்கார்டிங், சுருக்கமாக ஆர்.ஆர்., என்பார்கள். அந்த ஊரிலோ நிஜமாகவே மறுபடி ரெக்கார்டிங் செய்து தட்டாக விற்றிருக்கிறார்கள்.

படத்தில் இல்லவே இல்லாத இசையும் தட்டாக வந்திருக்கிறது. 'எக்ஸார்சிஸ்ட்' படத்துக்கு முதலில் இசையமைத்தவர் லாலோ ஷிஃப்ரின். இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கினுக்கு அது பிடிக்கவில்லை, தூக்கி எறிந்துவிட்டார். அந்த இடத்தில் போலந்துக்காரர் பெண்டெரெட்ஸ்கி போன்றவர்களின் நவீன இசைத் துண்டுகளையும், மைக் ஓல்ட்ஃபீல்ட் என்ற இளைஞரின் 'டியூபுலர் பெல்ஸ்' ஆல்பத்தில் ஒரு சிறு பகுதியையும் வைத்தார். பேய்க்கும் அந்த ஆல்பத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இன்றைக்கு அந்தப் பியானோ கேட்டால் பேய்தான் ஞாபகம் வருகிறது. நிராகரிக்கப்பட்ட ஷிஃப்ரின் இசை, படம் வந்த 1973இலிருந்து இருபத்தைந்து வருடம் கழித்து வெளிவந்தது. கேட்டுப் பார்த்தேன். பயங்கரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நேரே வந்து சட்டையைப் பிடிக்கிற பயம். ஃப்ரீட்கினுக்கு வேண்டியது அறையில் திடீரென்று குளிர் ஏறுவது போன்ற ஒன்று. அவர் செய்தது சரிதான் என்று நினைக்கிறேன். ஷிஃப்ரினுக்காக வருத்தமும் உண்டு.

'ஷைனிங்' படத்தின் தட்டுக்கு நேர்ந்த கதை இன்னும் மோசம். 1980இல் தட்டு வந்தது. உரிமைச் சிக்கலால் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதில் வெண்டி கார்லோஸும் ரேச்சல் எல்கைண்டும் செய்த இசையும் இருக்கிறது, லிகெட்டி, பார்டோக், பெண்டெரெட்ஸ்கி இசையும் இருக்கிறது. என்னிடம் அந்தத் தட்டு இல்லை. அதற்கென்று அலமாரியில் ஒரு விரற்கடை இடம் விட்டுவைத்திருக்கிறேன். என் மனைவி அங்கே மின்சார வாரிய அட்டையைச் செருகிவைத்திருக்கிறார்.

சரி, சிக்கல் இல்லாத தட்டுகளே கிடையாதா? உண்டு. 1978இல் வந்த 'ஹாலோவீன்'. இயக்குநர் ஜான் கார்பென்டரே இசையும். இசை சேர்க்காத படத்தை ஒரு ஸ்டூடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டியபோது அவருக்குத் துளியும் பயம் வரவில்லையாம். உடனே கார்பென்டர் உட்கார்ந்து மூன்று நாளில் இசையை முடித்திருக்கிறார். சின்ன வயதில் அப்பா போங்கோ வைத்துச் சொல்லிக்கொடுத்த ஐந்து எண்ணிக்கைத் தாளம் அது. வானொலியில் தொடையைத் தட்டினால் உங்களுக்குத் தெரியாது, வாயால் சொல்கிறேன்: தகிட தகிட தக தக, தகிட தகிட தக தக. மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, மொத்தம் பத்து. நம் கண்ட ஜாதியின், அதாவது ஐந்தின், இரட்டிப்பு. காலால் நான்கு எண்ணிப் பழகிய மேற்கத்தியக் காதுக்கு, ஒவ்வொரு சுற்றிலும் படிக்கட்டில் ஒரு படி அதிகம் இருப்பதுபோலத் தடுக்கும். எங்கள் பக்கத்து வீட்டில் மிருதங்கம் படிக்கிற பையனைக் கூப்பிட்டு ஒருநாள் இந்தத் தட்டைப் போட்டுக் காட்டினேன். பயப்படவே இல்லை. இரண்டாவது சுற்றிலேயே மேசையில் தாளம் போட ஆரம்பித்தான், நான்காவது சுற்றில் ஒரு கோர்வை வைத்தான். கொலைகாரன் கத்தியைக் கீழே போட்டுவிட்டுத் தலையாட்டியிருப்பான்.

இத்தாலிக்காரர்கள் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தார்கள். டாரியோ அர்ஜென்டோ 1977இல் எடுத்த 'சுஸ்பிரியா'வுக்கு இசை கோப்ளின் என்ற ராக் குழு. படப்பிடிப்புக்கு முன்பே இசையின் முதல் வடிவத்தைப் பதிந்து, நடிகர்கள் நடிக்கும்போது செட்டில் அலறவிட்டார்கள். அதாவது இசைக்குத்தான் படம். அந்தத் தட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். மணி மாதிரி ஒரு தாலாட்டு, கிரேக்க நாட்டுத் தந்தி வாத்தியமான புஸுக்கி, மூச்சுக்காற்று, கிசுகிசுப்பு, அதற்கு அடியில் பழக்கமான ஒரு சத்தம். தபலா! பேஸ் கிட்டார் வாசித்த ஃபாபியோ பிக்னாட்டெல்லி தபலாவும் தட்டியிருக்கிறார். நம் ஊர்க் கல்யாண வரவேற்பில் கஜலுக்குக் கேட்கிற வாத்தியம், அங்கே சூனியக்காரிகளுக்கு வாசிக்கிறது. அந்தத் தபலாவை அடையாளம் கண்ட நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மூன்று முறை திருப்பித் திருப்பிப் போட்டேன்.

இப்போது வெளிநாட்டில் இந்தப் பழைய தட்டுகளை மறுபடி அச்சிடுகிற நிறுவனங்கள் நிறைய. ரத்தம் தெறித்த மாதிரி சிவப்புத் தட்டு, இருட்டில் ஒளிர்கிற தட்டு என்று விதவிதமாக வருகிறது. எனக்குக் கறுப்புத் தட்டு போதும். இருட்டில் ஒளிர்வதற்கு நான் விளக்கை அணைத்தால்தானே!

நம் ஊரில் தேடுவது இன்னொரு அனுபவம். 1985 தீயில் சென்னையின் பழைய மூர் மார்க்கெட் போய்விட்டது. அப்புறம் பக்கத்திலேயே எழுந்த வளாகத்தில் பழைய ரெக்கார்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே ஒரு கடையில், அடுக்குக்கு அடியில், 'ஓமன்' அட்டையைப் பார்த்தேன். ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தின் இசை. பதினெட்டு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட மனிதர், அவருக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கர் 1976இல் வந்த இந்தப் படத்துக்குத்தான். 'ஆவே மரியா' என்ற மாதா வணக்கத்தைப் புரட்டிப்போட்டு, 'ஆவே சதானி', அதாவது 'சாத்தானே வாழ்க' என்று லத்தீன் மொழியில் கோரஸ் பாடவைத்தார். நான் வியர்த்துப்போனேன். ஆசையை முகத்தில் காட்டினால் விலை ஏறும் என்பதால், வேறு இரண்டு தட்டுகளோடு சேர்த்து அசட்டையாக நீட்டினேன். கடைக்காரர், "இங்கிலீஷ் பாட்டுதானே, எடுத்துக்கோங்க" என்று குறைத்தே கொடுத்தார். வீட்டுக்கு வந்து, கை கழுவி, தட்டை உருவினால் உள்ளே சுப்ரபாதம்.

மறுநாளே போய்க் கேட்டேன். "அட்டை மாறியிருக்கும் சார், எங்க வச்சோம்னு தெரியலையே" என்றார். அவரைக் குறை சொல்லி என்ன செய்வது? ஆயிரக்கணக்கில் தட்டுகள். ஆனால் ஒரு நினைப்பு மட்டும் என்னை விடவில்லை. அந்த 'ஓமன்' தட்டு சுப்ரபாத அட்டைக்குள் யார் வீட்டுக்கோ போயிருக்கிறது. மார்கழி மாதம், விடியற்காலை, வாசலில் கோலம் போட்டுவிட்டு, தாத்தா பயபக்தியோடு முள்ளை வைத்திருப்பார். அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டப்பாங்குத்துப் பாட்டுத் தட்டில் நாலு கீறல் இருந்தால் யாரும் கவலைப்படப்போவதில்லை. திகில் இசையில் பாதி மௌனம். அந்த மௌனத்தில் பட் பட் என்று தூசி வெடித்தால் எல்லாம் போச்சு. எனவே வெளிச்சத்தில் தட்டைச் சாய்த்துப் பார்த்துத்தான் வாங்குவேன். சென்னைக் காற்றின் ஈரத்துக்கு அட்டைக்குள் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மெல்லிய துணியால் கோடுகள் போகும் போக்கிலேயே துடைத்து, நிழலில் உலர்த்தினால் பெரும்பாலும் போய்விடும். நடுவில் இருக்கிற லேபிள் நனையக் கூடாது. தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்கவும் கூடாது, நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும்.

என் அலமாரியில் தமிழ் வரிசை மிகச் சின்னது. காரணம் எளிது: நம் படங்களுக்குப் பாட்டுதான் தட்டாக வரும். ஆர்.ஆர். வராது. வெளிநாட்டுப் பேய் அலறும், நம் பேய் பாடும். 1966இல் வந்த 'யார் நீ' படத்தின் 'நானே வருவேன்' கேட்டிருப்பீர்கள், சுசீலா குரல், வேதா இசை. மதன் மோகன் 'வோ கௌன் தி' இந்திப் படத்துக்குப் போட்ட அதே மெட்டு. அந்தப் பாட்டு என்னிடம் இருக்கிறது. ஆனால் பாட்டு முடிந்தபின் மூடுபனியில் என்ன வாத்தியம் ஒலித்தது என்பது எந்தத் தட்டிலும் இல்லை. 1984இல் வந்த 'நூறாவது நாள்' படத்தில் மொட்டைத்தலையும் வட்டக் கண்ணாடியுமாகச் சத்யராஜ் வரும்போது இளையராஜா என்ன செய்தார் என்று தனியாகக் கேட்க அன்று வழி இருந்ததா? கேசட்டில் பாட்டுகள் மட்டும்தான். அண்மையில்தான் சில படங்களின் பின்னணி இசையைத் தனியாக வெளியிடத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஆனால் ஒரு வழி இருந்தது, அது இந்த வானொலிதான். ஞாயிறு மதியம் ஒலிச்சித்திரம் என்று முழுப் படத்தையும் ஒரு மணி நேரமாகச் சுருக்கி ஒலிபரப்புவார்கள். வசனத்தோடு பின்னணி இசையும் வந்துவிடும். திருச்சியில், எட்டாவது படிக்கும்போது, 1963இல் வந்த 'நெஞ்சம் மறப்பதில்லை' படத்தின் ஒலிச்சித்திரத்தை ரேடியோவுக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்தேன். படத்தை நான் அப்போது பார்த்ததே இல்லை. பாழடைந்த பங்களாவையும் முற்பிறவியையும் காதால்தான் பார்த்தேன். விசுவநாதன்–ராமமூர்த்தியின் வயலின்கள் மெல்ல ஏறிக்கொண்டே போகிற ஓர் இடத்தில், சமையலறையில் அம்மாவின் குக்கர் விசில் அடித்துவிட்டது. அதுவும் பதிவாகிவிட்டது. பல வருடம் கழித்துப் படத்தைப் பார்த்தபோது, அந்த இடத்தில் விசில் வராமல் எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அந்த கேசட் இன்னும் இருக்கிறது. அதுபோல உங்கள் வீட்டுப் பரணிலும் ஒலிச்சித்திரம் பதிந்த பழைய கேசட் இருக்கலாம். எடுத்த உடனே மெஷினில் போட்டுவிடாதீர்கள், நாடா ஒட்டிக்கொண்டிருந்தால் அறுந்துவிடும். இரண்டு நாள் நிழலில் காற்றாட வையுங்கள். பிறகு ஒரு பென்சிலைப் பல்சக்கரத்தில் செருகி, கையாலேயே மெதுவாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்றினால், அப்புறம் போட்டுக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.