பாய் கட்டத் தெரிந்த கை

(மண்டபம் ஊரில் மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

பிள்ளைகளே, அவர்களோடு வந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம்.

நான் பாம்பன்காரன். இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். இன்று காலை சாலைப் பாலத்தில் பேருந்து வரும்போது, கடலில் நிற்கும் ரயில் பாலங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பழையது 1914 பிப்ரவரி 24 அன்று திறந்தது. 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றுவிட்டது. புதியது 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தது. பக்கத்தில் இருந்த ஒரு கல்லூரிப் பையன் என்னிடம், "இனிமே அந்தப் பழசு வேஸ்ட்தானே சார்?" என்று கேட்டான். அவனுக்கு அப்போதே பதில் சொல்ல வரவில்லை. வழியெல்லாம் யோசித்ததை உங்களிடம் சொல்கிறேன்.

பழைய பாலத்தின் நடுப்பகுதி, கப்பல் வந்தால் இரண்டு கதவு மாதிரி மேல்நோக்கித் திறக்கும். ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளரின் வடிவமைப்பு அது. ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் திறந்தார்கள். புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு துண்டு அப்படியே 17 மீட்டர் உயரத்துக்கு மேலே போகிறது. சுற்றுகிற வேலையை மோட்டார் பார்க்கிறது. ஆனால் அவ்வளவு இரும்பை மோட்டார் தனியாகத் தூக்குவதில்லை. பழையதில் இருந்த மாதிரியே இதிலும் எதிர் எடை இருக்கிறது. அந்த எடை கீழே இறங்க இறங்க, பாலம் மேலே ஏறுகிறது.

இதை நான் முதன்முதலில் பார்த்தது எங்கள் அம்மாச்சி வீட்டுக் கிணற்றில். அங்கே துலா இருந்தது. நீளமான மரம், அதன் அடிப்பக்கத்தில் கட்டிய கல், மறுமுனையில் வாளி. அம்மாச்சிக்கு எழுபது வயது. நிறைந்த வாளி சிரமமில்லாமல் மேலே வரும். பாதி வேலையைக் கல் செய்துவிடும். இன்று அந்தக் கிணற்றில் மோட்டார் ஓடுகிறது. துலா விறகாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. அந்தக் கல்லின் கணக்கு மட்டும் பாம்பன் பாலத்தில் உயிரோடு இருக்கிறது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நெம்புகோலையும் எதிர் எடையையும் நடத்தும்போது துலாவை வைத்துத்தான் தொடங்குவேன்.

பெயர்கள்கூட அப்படித்தான். 1914-க்கு முன்னால் ரயிலில் வந்து கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பல் ஏறினார்கள். பாலம் வந்த பிறகு தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல். ரயிலோடு கப்பலும் சேர்ந்த பயணம் என்பதால்தான் போட் மெயில் என்ற பெயர். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோனது. அப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் நின்றது. சென்னையிலிருந்து ராமேஸ்வரம் வரும் ரயிலை இன்னும் போட் மெயில் என்றுதான் சொல்கிறோம்.

சரி, கடலுக்கு வருவோம். எனக்கு மனசு கிடக்கிற இடம் அதுதான்.

என் அப்பா பாய் கட்டிய வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர். மீன் படுகிற இடம் அவருக்கு எப்படித் தெரிந்தது? கோயில் கோபுரம் ஒரு பனங்கூட்டத்துக்கு நேரே வர வேண்டும். இன்னொரு பக்கம் பாம்பன் கலங்கரை விளக்கு, பாலத்தின் குறிப்பிட்ட ஒரு தூணுக்கு நேரே வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வலையை இறக்குவார். பாலம் கட்ட வந்தவர்கள் ரயிலுக்காகத் தூண் வைத்தார்கள். எங்கள் ஆட்கள் அதைக் கடலில் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். பின்னால் ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத்தில் தொலைக்காட்சிக் கோபுரம் வந்தது. அதுவும் கடலில் இருக்கிறவனுக்குக் கரை காட்டும் கம்பம் ஆகிவிட்டது.

இப்போது என் அண்ணன் மகன் ஜிபிஎஸ் பார்த்துப் போகிறான். வானத்தில் சுற்றும் ஒவ்வொரு செயற்கைக்கோளும் தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்த அலை வந்துசேர எவ்வளவு நேரமானது என்று பார்த்துக் கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. நான்கு செயற்கைக்கோள் கிடைத்தால் நீங்கள் நிற்கும் இடம் தெரிந்துவிடும். 2000 மே வரை அமெரிக்கா பொதுமக்களுக்குப் போகும் அலையை வேண்டுமென்றே கொஞ்சம் பிசகவைத்திருந்தது. அதை நிறுத்திய பிறகுதான் சில மீட்டர் துல்லியம் எல்லோர் கைக்கும் வந்தது. யோசித்துப் பாருங்கள், அப்பாவும் தெரிந்த இடங்களை வைத்துத் தெரியாத இடத்தைக் கண்டுபிடித்தார். அவன் கையிலிருக்கும் கருவியும் அதையேதான் செய்கிறது. அப்பா தன் இடத்தை யாருக்கும் சொல்ல மாட்டார். இவனும் தன் பாயிண்டை யாருக்கும் காட்டுவதில்லை.

பழையதை உயர்த்திப் பேசத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 1974 ஒப்பந்தத்தில் பாக் நீரிணையில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோட்டைக் கோபுரமும் காட்டாது, பனைமரமும் காட்டாது. இருட்டில் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் போனால் பையன் சிறைக்குப் போவான், படகும் போகும். அந்தப் பயத்தோடு கடலுக்குப் போகிறவனுக்கு ஜிபிஎஸ் உயிர்க்கருவி. அப்பாவின் கணக்கு அதற்கு ஈடாகாது.

பழையதும் புதியதும் மோதிக்கொண்ட இடமும் உண்டு. விசைப்படகு மடிவலையை இழுத்துப் போனால் வள்ளக்காரனின் வலையும் சேர்ந்து போகும். எத்தனை சண்டை, எத்தனை கண்ணீர். கடைசியில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று நாளைப் பிரித்துக்கொண்டார்கள். 1983 சட்டம் கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்கிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. இதெல்லாம் எப்போதும் மீறப்படாமல் நடக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வலுவான கருவி ஒன்று வந்துவிட்டது என்பதற்காக மெலிந்தவன் கடலை விட்டு எழுந்து போக வேண்டியதில்லை என்று சொல்லி நாளையும் தூரத்தையும் பங்கு வைத்தார்களே, அது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இப்போது அண்ணனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மார்கழி இரவு, பாக் கடலில் எஞ்சின் நின்றுவிட்டது. போனில் சிக்னல் இல்லை. கூட இருந்தவர்கள் இருபது வயதுப் பையன்கள். ஜிபிஎஸ் எடுத்து, கரை எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று உடனே சொல்லிவிட்டார்கள். போவதற்குத்தான் வழி இல்லை. அண்ணன் ஐஸ் பெட்டி மேல் கிடந்த தார்ப்பாயை எடுத்தார். துடுப்பை நிறுத்திக் கட்டி, தார்ப்பாயைப் பாயாக விரித்தார். அடித்தது வாடைக்காற்று, கரைக்குத் தள்ளுகிற காற்று. ஒரு பையன் திரையைப் பார்த்துத் திசை சொன்னான். அண்ணன் கயிற்றை இழுத்தும் விட்டும் போக்கை மாற்றினார். விடிந்து கொஞ்ச நேரத்தில் கரை சேர்ந்துவிட்டார்கள்.

அந்தப் பையன்களிடம் குறை ஒன்றும் இல்லை. பாய் கட்ட அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அண்ணனுக்குச் சின்ன வயதில் அப்பா சொல்லிக் கொடுத்தார். நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன், எனக்கும் தெரியாது. அண்ணனுக்கு அடுத்து எங்கள் வீட்டில் அந்தக் கை யாருக்கும் இல்லை. இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. வீட்டில் தாத்தா இருந்தால் அவர் முன்னால் அதை வையுங்கள். எந்தப் பனை எதற்கு நேரே வந்தால் எந்த மீன் என்று கேளுங்கள். வாடைக்கு எப்படிப் பாய் கட்டுவது, மேற்குப் பக்கமிருந்து கச்சான் காற்று அடித்தால் எப்படி என்று கேளுங்கள். சொல்லும்போது அவர் கையையும் சேர்த்துப் படம் எடுங்கள், பாதி விஷயம் கையில்தான் இருக்கும். வீட்டில் தாத்தா இல்லாத பிள்ளைகள் பாம்பனுக்கு வாருங்கள். அண்ணன் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வாசலில் உட்கார்ந்து வலையைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். தார்ப்பாயும் கயிறும் நான் எடுத்து வைக்கிறேன்.