தட்டுக்கு வரும் முன்பே தொலைந்துபோகும் அயோடின்

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கும் எனக்கு, தைராய்டு பற்றிய கேள்வி வராத வாரமே கிடையாது. அண்மைக் காலமாக ஒரு கேள்வி அதிகமாகக் காதில் விழுகிறது. "அயோடின் எதிலிருந்து உடம்பில் நன்றாகச் சேரும்? மீனிலிருந்தா, உப்பிலிருந்தா, பாலிலிருந்தா? கடற்பாசி மாத்திரைதான் எல்லாவற்றையும்விட நல்லதாமே?" என்று கேட்கிறார்கள். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். கருவுற்ற தாய்க்கும் பாலூட்டும் தாய்க்கும் 250 மைக்ரோகிராம் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. எழுபது ஆண்டு வாழ்பவருடைய மொத்தத் தேவையைக் கூட்டினால்கூட நான்கு கிராமைத் தொடாது. ஆனால் அந்தச் சிறிய அளவு குறைந்தால், அயோடினைக் கொண்டு வேலை செய்யும் தைராய்டு சுரப்பி வீங்குகிறது. கழுத்தின் முன்புறம் கழலை வருகிறது. கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படுகிறது. அந்தப் பாதிப்பைப் பிறகு சரிசெய்ய முடியாது. நான் இவ்வளவு அக்கறையோடு பேசக் காரணம் அதுதான்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். அயோடைடு என்ற, நீரில் எளிதில் கரையும் சேர்ம வடிவில் வயிற்றுக்குள் போகும் அயோடினில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கத்திலுமே அது உறிஞ்சப்பட்டுவிடும். இரும்புச் சத்தை நினைத்துப் பாருங்கள். கீரையிலிருந்து கொஞ்சம், இறைச்சியிலிருந்து அதைவிட அதிகம், தேநீர் குடித்தால் அதுவும் குறைவு என்று எத்தனை சிக்கல்! அயோடின் அப்படிப் படுத்துவதில்லை. பாலில் இருப்பதும் ஏறத்தாழ முழுவதும் சேர்கிறது. மீனில் இருப்பதும் நன்றாகவே சேர்கிறது.

உப்புப் பொட்டலத்தின் பின்புறம் 'பொட்டாசியம் அயோடேட்' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அயோடைடு இல்லையே, உடம்பு ஏற்குமா என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். ஏற்கும். குடலிலேயே அது அயோடைடாக மாறிவிடுகிறது. இதற்கு நல்ல சான்று இந்தியாவிலிருந்தே கிடைத்தது. 1956ஆம் ஆண்டு இமயமலை அடிவாரத்திலுள்ள காங்ரா பள்ளத்தாக்கில், மருத்துவர் ராமலிங்கசாமியும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு அயோடைடு கலந்த உப்பு, இன்னொரு பகுதிக்கு அயோடேட் கலந்த உப்பு, மூன்றாவது பகுதிக்குச் சாதாரண உப்பு. சில ஆண்டுகள் கழித்துப் பள்ளிப் பிள்ளைகளின் கழுத்தைப் பரிசோதித்தபோது, முதல் இரண்டு பகுதிகளிலும் கழலை நன்றாகக் குறைந்திருந்தது. சாதாரண உப்பு கொடுத்த பகுதியில் குறையவில்லை. இந்தியா 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியதற்கு இந்த ஆய்வு வலுவான அடித்தளம்.

எந்த உணவிலிருந்து வந்தாலும் உடம்பு ஏற்றுக்கொள்ளும் என்றால், அயோடின் எங்கேதான் தொலைகிறது? பெரும்பாலும் வாய்க்கு வருவதற்கு முன்பே தொலைந்துவிடுகிறது. நம் சமையலறையிலேயே அது நடக்கிறது.

இந்தியாவில் வெகுகாலம் இருந்த விதியைப் பாருங்கள். உற்பத்தியாகும் இடத்தில் ஒரு கிலோ உப்பில் 30 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும். வாங்குபவர் கைக்கு வரும்போது 15 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. வழியில் பாதி போனாலும் போகலாம் என்று விதியே எதிர்பார்த்திருக்கிறது. ஈரம், வெப்பம், வெளிச்சம், உப்பிலுள்ள கசடு எல்லாம் சேர்ந்து அயோடினை வெளியேற்றுகின்றன. அயோடைடைவிட அயோடேட் இதைத் தாங்கும் என்பதால்தான் வெப்ப நாடுகளில் அயோடேட்டைச் சேர்க்கிறார்கள்.

நம் சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக எண்பது விழுக்காட்டைத் தாண்டுகிறது. நம் வீடுகளில் உப்பு ஜாடி எங்கே இருக்கிறது? அடுப்புக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் இடத்தில். பாதி நேரம் மூடி திறந்தே கிடக்கும். குழம்பு கிண்டிய ஈரக் கரண்டியையே உள்ளே விடுவோம். சில வாரங்களில் உப்பு கட்டியாகி, ஜாடியின் அடியில் தண்ணீர் கோத்துக்கொள்கிறது. அயோடின் அந்தத் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். மேலே இருக்கும் உப்பை எடுத்துச் சமைக்கிறோம். அடியில் இருப்பதைக் கழுவிக் கொட்டிவிடுகிறோம். இறுக்கமான மூடியுள்ள டப்பா, அடுப்பிலிருந்து சற்றுத் தள்ளி ஓர் இடம், உலர்ந்த கரண்டி, இவை போதும். உப்பைச் சமையலின் கடைசியில் சேர்த்தால் இன்னும் நல்லது.

மீனுக்கும் இதே கதைதான். வேகவைத்து நீரை வடித்தால், அயோடினில் ஒரு பகுதி அந்த நீரோடு போய்விடும். நம் மீன் குழம்பில் அந்தக் கவலை இல்லை. மீனிலிருந்து இறங்கியது குழம்பில் இருக்கிறது, குழம்பு சோற்றோடு வயிற்றுக்குப் போகிறது. தேக்காச் சந்தையில் கிடைக்கும் கடல் மீன்கள் எல்லாமே இதற்கு உதவும். ஆற்று மீன், குளத்து மீன்களில் அயோடின் குறைவு.

சிங்கப்பூருக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. இங்குள்ளவர்கள் உப்பைக் குறைவாகச் சாப்பிடுவதில்லை. 2022ஆம் ஆண்டின் தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பின்படி, ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 3,600 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் உட்கொள்கிறார். உலகச் சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு 2,000 மில்லிகிராம். அவ்வளவு உப்பு உள்ளே போகிறதே, அயோடினுக்கு என்ன குறை என்று தோன்றும். ஆனால் அதில் பெரும்பகுதி சோயா சாஸ், சிப்பி சாஸ், உடனடி நூடுல்ஸ், உணவங்காடிச் சாப்பாடு வழியாக வருகிறது. அவை பெரும்பாலும் அயோடின் சேர்க்காத உப்பில் தயாரானவை. இரத்த அழுத்தத்தை ஏற்றும் சோடியம் வருகிறது, அயோடின் வருவதில்லை. ஆகவே அயோடினுக்காக உப்பைக் கூட்டாதீர்கள். உப்பைக் குறையுங்கள், வீட்டில் போடும் அந்தக் குறைந்த உப்பு அயோடின் கலந்ததாக இருக்கட்டும். சோடியம் குறைத்த உப்பு வாங்குகிறவர்கள், அதில் அயோடின் இருக்கிறதா என்று அட்டையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். இந்துப்பு என்று விற்கும் இளஞ்சிவப்பு உப்பில், அயோடின் தனியாகச் சேர்க்காதவரை, சொல்லிக்கொள்ளும் அளவுக்கு எதுவும் இல்லை. கல்லுப்பும் அப்படித்தான். கடலிலிருந்து வந்தாலும் அயோடின் அதில் தங்குவதில்லை.

கடற்பாசி பற்றி 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பிரான்சின் மார்செய் நகரத்தாருக்கும் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரத்தாருக்கும் இரண்டு வகைக் கடற்பாசிகளைக் கொடுத்து, சிறுநீரில் எவ்வளவு அயோடின் வெளியேறுகிறது என்று அளந்தார்கள். குடல் உறிஞ்சியதில் தைராய்டு எடுத்தது போக மிச்சம் பெரும்பாலும் சிறுநீரில்தான் வெளியேறும். மார்செய்க்காரர்களிடம் தொண்ணூறு விழுக்காடும் அதற்கு மேலும் வெளிவந்தது. பிரஸ்ஸல்ஸ்காரர்களிடம் ஒரு பாசிக்கு 85, இன்னொன்றுக்கு ஏறக்குறைய 62 விழுக்காடுதான். குடல் சரியாக உறிஞ்சவில்லையா? அப்படியில்லை. பிரஸ்ஸல்ஸ் மக்களுக்கு ஏற்கெனவே அயோடின் சற்றுக் குறைவு. அதனால் வந்ததில் ஒரு பங்கை அவர்களுடைய தைராய்டு பிடித்து வைத்துக்கொண்டது. போதுமான அயோடின் உள்ளவருக்குத் தைராய்டு பத்து விழுக்காடோ அதற்கும் குறைவாகவோதான் எடுக்கும். நெடுநாள் பற்றாக்குறை உள்ளவருக்கு எண்பது விழுக்காட்டுக்கு மேலும் எடுக்கும். பசித்தவன் தட்டில் சோறு மிஞ்சாது அல்லவா?

ஆனால் கடற்பாசியின் அளவு பயமுறுத்தும். சுஷியைச் சுற்றும் நோரியில் கிராமுக்குச் சில பத்து மைக்ரோகிராம்தான். ஜப்பானியச் சூப்புக்குப் போடும் கொம்புப் பாசியில் ஒரு கிராமிலேயே 2,000 மைக்ரோகிராமைத் தாண்டலாம். அளவு மிஞ்சினாலும் தைராய்டு கெடும். சிலருக்குச் சுரப்பு குறையும், சிலருக்குக் கூடும். கடற்பாசி மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இரத்தத்தில் சேர்ந்த பிறகும் ஒரு தடை உண்டு. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று பசியாறிய கதைகளை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அந்தக் கிழங்கில் சயனைடு வெளிவிடும் பொருள் இருக்கிறது. உடம்பு அதைத் தயோசயனேட்டாக மாற்றுகிறது. தைராய்டுக்குள் அயோடைடு நுழையும் அதே வழியில் இதுவும் முட்டி மோதுகிறது. சிகரெட் புகையும் தயோசயனேட்டைக் கூட்டும். கம்பு, முட்டைக்கோஸ், காலிஃபிளவர் ஆகியவற்றிலும் தைராய்டைத் தடுக்கும் பொருட்கள் உண்டு. அயோடின் போதுமான அளவு கிடைப்பவர் இவற்றை வேகவைத்துத் தாராளமாகச் சாப்பிடலாம். அயோடினும் குறைவு, தினமும் இதுவே உணவு என்று இரண்டும் சேர்ந்தால்தான் தொல்லை.

எனக்கு அதிகக் கவலை தருபவர்கள் சைவ உணவு உண்ணும் இளம் பெண்கள். மீன் இல்லை, முட்டை இல்லை. பாலையும் விட்டு பாதாம் பாலுக்கோ ஓட்ஸ் பாலுக்கோ மாறிவிடுகிறார்கள். அவற்றில் அயோடின் சேர்த்திருந்தால் ஒழிய மிகக் குறைவு. சமையலுக்கு இந்துப்பு. மதியம் வெளிச் சாப்பாடு. அயோடின் வரக்கூடிய எல்லா வழியும் இப்படி ஒவ்வொன்றாக அடைபட்டுப் போகிறது. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் கருவுறும் முன்பே மருத்துவரிடம் இதைப் பேசுங்கள். கர்ப்ப காலச் சத்து மாத்திரைகள் எல்லாவற்றிலும் அயோடின் இருப்பதில்லை. அட்டைப் பெட்டியின் பின்புறம் பார்த்தால் தெரிந்துவிடும். ஏற்கெனவே தைராய்டுக்கு மருந்து எடுப்பவர்கள் அந்தப் பெட்டியையும் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நன்றி, வணக்கம்.