காசு யார் கைக்குப் போகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

சம்பா அறுவடை முடிந்து நெல்லுப் பணம் கைக்கு வருவது தை மாதத்தில். கூடவே கல்யாண முகூர்த்தங்களும் வந்துவிடும். ஜவுளிக்கடையில் டெல்டாக்காரர் கை தாராளமாகத்தான் இருக்கும். ஆடம்பரமே கூடாது என்று பேச நான் வரவில்லை. அது என் வீட்டிலேயே எடுபடாது. கொடுக்கிற காசு யார் கைக்குப் போகிறது என்று மட்டும் விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருபுவனம். அந்த ஊர்ப் பட்டுக்கு, அது அந்த ஊரின் தனிச்சரக்கு என்று சொல்லும் புவிசார் குறியீடு 2019-இல் கிடைத்தது. ஒரு கல்யாணப் புடவை தறியிலிருந்து இறங்கப் பல நாள் ஆகும். நெசவாளி வீட்டில் எல்லோர் கையும் அதில் பட்டிருக்கும். அதே டிசைனை விசைத்தறியில் அடித்துக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். விசைத்தறி என்று சொல்லி விற்றாலாவது பரவாயில்லை. கைத்தறி என்று சொல்லி விற்பது நெசவாளி வயிற்றில் அடிப்பது. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-லேயே சட்டம் போட்டாயிற்று.

சில்க் மார்க் அட்டை இருக்கிறதே என்பார்கள். சரி, அது சுத்தமான பட்டு என்று மட்டும்தான் சொல்லும். கைத்தறியா, ஜரிகை அசலா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். புடவையைத் திருப்பி, ஜரிகை இழை ஒன்றை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். அசல் என்றால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். அதைச் சுற்றித்தான் வெள்ளிக் கம்பி, மேலே தங்க முலாம். வெள்ளை நூல் தெரிந்தால் கேள்வி கேளுங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டுமே, பணம் உங்களுடையது.

அப்புறம் புழு விஷயம். கூட்டுக்குள் புழு இருக்கும்போதே சூடேற்றிக் கொன்றுதான் நூல் எடுக்கிறார்கள். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள். காஞ்சிப் பெரியவர் பட்டே உடுத்த வேண்டாம் என்றார். அந்த நியாயத்துக்கு என்னிடம் பதில் கிடையாது. ஒரு கல்யாணத்துக்கு ஐந்து பட்டு எடுக்கிற வீட்டில், அசல் கைத்தறியாக ஒன்றே ஒன்று எடுத்தால் புழுவுக்கும் நெசவாளிக்கும் கொஞ்சம் நியாயம் கிடைக்கும். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

பழைய சிலை வாங்காதீர்கள் என்று சொல்வதில் இந்தத் தயக்கமே எனக்கு இல்லை. யாராவது “பழைய ஐம்பொன், பரம்பரைச் சொத்து” என்று ரகசியமாகக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜரை, ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2014-இல் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி.

சிலைக்கு ஆசை இருந்தால், புதிதாக வார்த்துத் தரும் சுவாமிமலைக்குப் போங்கள். மெழுகில் உரு பிடித்து, வண்டல் மண் பூசி, உலோகம் வார்த்து, அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்கிறார்கள். ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். அவசரப்படுத்தாதீர்கள், பேரமும் அதிகம் வேண்டாம். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைக்கு அனுப்புவதானால், இது பழம்பொருள் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறை தரும் சான்றிதழையும், ஸ்தபதி தரும் ரசீதையும் கையோடு வாங்கி வையுங்கள்.

நன்றி, வணக்கம்.