சண்டையில் ஜெயித்தவர், தேர்தலில் தோற்றவர்

அனைவருக்கும் வணக்கம்.

அயர்லாந்து விடுதலை என்றதும் இங்கே பெரியவர்கள் பலருக்கு டி வலேராவின் பெயர் நினைவுக்கு வரும். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள் மைக்கேல் காலின்ஸைச் சொல்வார்கள். சைக்கிளில் டப்ளின் தெருக்களைச் சுற்றி, பிரிட்டிஷ் உளவுத்துறையையே ஆட்டிப் படைத்த இளைஞர். இரண்டு பேருமே கதாநாயகர்கள்தான், சந்தேகமில்லை. நான் இன்று பேச வந்திருப்பது மூன்றாவதாக ஒருவரைப் பற்றி. அவர் குள்ளம். பெரிய பேச்சாளரும் இல்லை. அப்பா டப்ளினில் மளிகையும் மதுவும் விற்ற கடைக்காரர். பெயர் வில்லியம் காஸ்கிரேவ். புதிதாய்ப் பிறந்த ஐரிஷ் சுதந்திர நாட்டைப் பத்து வருடங்கள் ஆண்டவர் இவர்தான். இவர் செய்த பெரிய காரியம் எது என்று கேட்டால், தோற்றதுதான் என்று சொல்வேன். சிரிக்காதீர்கள், விஷயத்துக்கு வருகிறேன்.

1916-இல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் நடந்த ஈஸ்டர் எழுச்சியில் டி வலேரா, காஸ்கிரேவ் இருவருமே துப்பாக்கி ஏந்தியவர்கள். இருவருக்குமே மரண தண்டனை விதித்தார்கள், இருவருக்குமே அது பிறகு சிறைத் தண்டனையாகக் குறைந்தது. டி வலேரா கணக்கு வாத்தியார், காஸ்கிரேவ் டப்ளின் மாநகராட்சி உறுப்பினர். அப்புறம் டி வலேரா தலைமையில் புரட்சி அரசு அமைந்தபோது, காஸ்கிரேவ் அதில் உள்ளாட்சி அமைச்சர். அதாவது ஒரே கட்சி, ஒரே அமைச்சரவை.

1921 டிசம்பர் 6-ஆம் தேதி லண்டனில் ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. அயர்லாந்தின் 26 மாவட்டங்களுக்கு கனடாவைப் போல டொமினியன் அந்தஸ்து, அதாவது பிரிட்டிஷ் அரசரின் கீழ் தன்னாட்சி. வடக்கே 6 மாவட்டங்கள் தனியே. நாடாளுமன்ற உறுப்பினர்கள் பிரிட்டிஷ் அரசருக்கு உண்மையாக இருப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும். கையெழுத்துப் போட்டு வந்தவர்கள் ஆர்தர் கிரிஃபித், காலின்ஸ் முதலியோர். டி வலேரா லண்டனுக்குப் போகவே இல்லை. ஏன் போகவில்லை என்பதை ஐரிஷ்காரர்கள் இன்றைக்கும் டீக்கடைச் சண்டை மாதிரி விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அமைச்சரவையில் ஏழு பேர். மூன்று பேர் ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு. ஏழாவது ஆள் காஸ்கிரேவ். அவர் ஒப்பந்தத்துக்குக் கை தூக்கினார். 4-க்கு 3. அந்த ஒரு கை வேறு பக்கம் உயர்ந்திருந்தால், டாயில் எனப்படும் அவர்களுடைய நாடாளுமன்றத்துக்கு அமைச்சரவையின் பரிந்துரையோடு ஒப்பந்தம் போயிருக்காது. 1922 ஜனவரி 7 அன்று டாயிலில் 64-க்கு 57 என்று அது நிறைவேறியது. டி வலேரா பதவி விலகி மறுபடி போட்டியிட்டார். 60-க்கு 58. இரண்டே வாக்கில் போய்விட்டது.

அந்த விவாதங்களைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்த ஒரு விஷயம். நாடு இரண்டாகப் போவதைப் பற்றிப் பேசியது கொஞ்சம்தான். நாள் கணக்கில் மல்லுக்கட்டியது அந்தச் சத்தியப் பிரமாணத்தின் வாசகங்களைப் பற்றி. ஏற்கெனவே குடியரசுக்குச் சத்தியம் செய்து, அதற்காகத் தோழர்களைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். அந்த வாயாலேயே அரசன் பெயரை எப்படிச் சொல்வது என்ற தவிப்பு அது. வெளியே இருந்து பார்க்கிற நமக்கு வார்த்தை விளையாட்டாகத் தெரியலாம். அவர்களுக்கு அது மானப் பிரச்சினை.

ஜூனில், ஒப்பந்தத்தை ஏற்ற அரசுத் தரப்புக்கும் அதை ஏற்காத டி வலேரா தரப்புக்கும் இடையே உள்நாட்டுப் போர் வெடித்தது. ஆகஸ்ட் 12 அன்று கிரிஃபித் இறந்தார். பத்தே நாளில், ஆகஸ்ட் 22, காலின்ஸ் தன் சொந்த மாவட்டமான கார்க்கில் பதுங்கித் தாக்கியவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 31. பத்து நாளில் இரண்டு தலைகள் போய், மிச்சம் இருந்த காஸ்கிரேவ் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த அமைச்சரவையில் இருந்த கெவின் ஓ'ஹிக்கின்ஸ் பின்னாளில் அதை வர்ணித்தார்: இடிந்துபோன ஒரு நிர்வாகத்தின் நடுவே, அடுத்ததற்கு அஸ்திவாரம்கூடப் போடாத நிலையில், எட்டு இளைஞர்கள் நின்றுகொண்டிருந்தோம்; சாவித் துவாரம் வழியாகக் காட்டு மனிதர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள் என்றார்.

நான் காஸ்கிரேவைப் பாராட்டிப் பேச வந்தவன். ஆனாலும் இந்த இடத்தை ஓடிக் கடக்க முடியாது. 1922 டிசம்பர் 6 அன்று சுதந்திர நாடு முறைப்படி பிறக்கிறது. மறுநாள், நாடாளுமன்ற உறுப்பினர் ஷான் ஹேல்ஸை எதிர்த்தரப்பினர் டப்ளினில் சுட்டுக் கொல்கிறார்கள். அதற்கும் மறுநாள் காலை, மாதக்கணக்காகச் சிறையில் இருந்த நான்கு குடியரசுப் படைத் தலைவர்களை அரசு வரிசையாக நிறுத்திச் சுட்டது. விசாரணை கிடையாது. ஹேல்ஸ் கொலைக்கும் அவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இருந்திருக்க முடியாது. அப்பட்டமான பழிவாங்கல்.

நான்கு பேரில் ஒருவர் ரோரி ஓ'கானர். அந்த முடிவை எடுத்த அமைச்சரவையில் இருந்த ஓ'ஹிக்கின்ஸின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர். கல்யாணம் நடந்து ஒரு வருடத்துக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. அந்தக் கல்யாணத்துக்கு டி வலேராவும் வந்திருந்தார்.

இரண்டு மாதத்தில் ஓ'ஹிக்கின்ஸின் அப்பாவை வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். காஸ்கிரேவின் வீட்டைக் கொளுத்தினார்கள். போர் முடிவதற்குள் அரசு நிறைவேற்றிய மரண தண்டனைகள் 77 என்பது பல தலைமுறைகளாக வாய்மொழியாகவே நிற்கும் எண். தேர்தல் கூட்டங்களில் அந்த எழுபத்தேழைச் சொல்லிக் கூச்சலிடாத காலம் வெகு பின்னால்தான் வந்தது. பிரிட்டிஷார் 1916 எழுச்சிக்காகக் கொன்றதுகூட இத்தனை பேரை இல்லை. காஸ்கிரேவ் கணக்கில் இது இருக்கிறது. இருக்கட்டும்.

1923 மே மாதம் போர் ஓய்ந்தது. அன்றைக்கு அவர் கையில் என்ன இருந்தது? தோற்ற எதிரி. ஆயிரக்கணக்கான கைதிகள். ஐம்பதாயிரம் பேர் அளவுக்குப் பெருத்த ராணுவம். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் புதிதாகப் பிறந்த நாடுகள் பல எப்படிப் போயின என்று பார்த்தால், இவர் என்ன செய்திருக்கலாம் என்று ஊகிப்பது கடினமில்லை. இவரோ ஆகஸ்டிலேயே தேர்தல் வைத்தார். எதிர்த்தரப்புக்கு 44 இடங்கள் கிடைத்தன. இவர்கள் கட்சியான கமன் நா கேலுக்கு 63. அடுத்த வருடம் ராணுவத்தை ஆட்குறைப்பு செய்யும்போது சில அதிகாரிகள் அரசுக்குக் கெடு விதித்தார்கள். கெடு விதித்தவர்களும் போனார்கள், ராணுவ அமைச்சரும் போனார். உள்நாட்டுப் போர் நடந்த மண்ணில் போலீஸுக்குத் துப்பாக்கி கொடுக்காமல் தடியோடு அனுப்பினார்கள். இன்றைக்கும் அங்கே சீருடைப் போலீஸார் பொதுவாகத் துப்பாக்கி இல்லாமல்தான் இருக்கிறார்கள்.

அரசியல் சாமர்த்தியம் மட்டும் கொஞ்சம் குறைவு. 1924-இல் முதியோர் ஓய்வூதியத்தை வாரம் 10 ஷில்லிங்கிலிருந்து 9 ஷில்லிங்காகக் குறைத்தார்கள். ஒரு ஷில்லிங்! வரவு செலவுக் கணக்கு நேராகியிருக்கும். கிழவிகள் மன்னிப்பார்களா?

சரி, டி வலேரா என்ன செய்துகொண்டிருந்தார்? சிறையிலிருந்து 1924-இல் வெளியே வந்தவருக்கு ஒரு சிக்கல். அவருடைய ஷின் ஃபேன் கட்சி தேர்தலில் நிற்கும், ஜெயிக்கும், ஆனால் சபைக்குள் போகாது. போனால் சத்தியம் செய்ய வேண்டும். வெளியே உட்கார்ந்தே வயதாகிவிடும் என்பது அந்தக் கணக்கு வாத்தியாருக்குப் புரிந்தது. சத்தியப் பிரமாணத்தை நீக்கினால் உள்ளே போகலாம் என்று 1926 மார்ச்சில் கட்சி மாநாட்டில் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. வெளியே வந்து, மே 16 அன்று டப்ளினில் ஒரு திரையரங்கில் கூட்டம் கூட்டி ஃபியானா ஃபால் கட்சியைத் தொடங்கினார். ஷான் லெமாஸ் போன்றவர்கள் பழைய காரில் ஊர் ஊராகப் போய், பழைய படைத் தோழர்களைப் பிடித்துக் கிளை அமைத்தார்கள். ஆளுங்கட்சியோ பெரும்பாலும் வக்கீல், டாக்டர், பெரிய விவசாயி என்று ஊர்ப் பிரமுகர்களை நம்பி இருந்தது. எந்தக் கட்சி வளர்ந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

1927 ஜூன் தேர்தல். ஆளுங்கட்சி 47, ஃபியானா ஃபால் 44. அவர்களுடையது விகிதாசார முறை. நம் ராஜ்யசபா தேர்தலில் எம்.எல்.ஏ.க்கள் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடுகிறார்களே, அதே முறையை அங்கே பொதுமக்களே பயன்படுத்துகிறார்கள். அதனால் தனிப் பெரும்பான்மை எளிதில் கிடைக்காது. டி வலேரா தன் ஆட்களோடு சபை வாசலுக்குப் போனார், சத்தியம் செய்ய மறுத்தார், கதவு திறக்கவில்லை, திரும்பி வந்தார்.

ஜூலை 10, ஞாயிற்றுக்கிழமை. பூசைக்கு நடந்து போய்க்கொண்டிருந்த ஓ'ஹிக்கின்ஸை மூன்று பேர் வழிமறித்துச் சுட்டார்கள். வயது 35. டி வலேரா அதைக் கொலை என்றே கண்டித்தார்.

இங்கேதான் காஸ்கிரேவ் ஒரு சட்டம் கொண்டுவந்தார். தேர்தலில் நிற்கிறவர், ஜெயித்தால் சத்தியம் செய்து சபையில் உட்காருவேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். உள்ளே வா, இல்லையென்றால் அரசியலை விட்டுப் போ. ஒரு மாதம் கழித்து டி வலேரா உள்ளே வந்தார். பைபிளை எடுத்துத் தள்ளி வைத்தார். நான் எந்தச் சத்தியமும் செய்யவில்லை, சபைக்குள் போக அனுமதி வேண்டி இந்தப் புத்தகத்தில் பெயர் எழுதுகிறேன், அவ்வளவுதான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வெற்றுச் சடங்கு என்றார். அந்தச் சடங்குக்காகத்தானே ஐயா சண்டையே நடந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டவர்கள் அன்றைக்கே நிறையப் பேர்.

காஸ்கிரேவுக்கு அந்தச் சட்டத்தின் விளைவு தெரியாமல் இல்லை. 44 பேர் வெளியே இருக்கும்வரை அவர் ஆட்சிக்கு ஆபத்தே கிடையாது. அவர்களை உள்ளே இழுத்ததும் நாற்காலி ஆட ஆரம்பித்தது. ஆகஸ்ட் 16 அன்று நம்பிக்கையில்லாத் தீர்மானம். 71-க்கு 71. சபாநாயகர் வாக்கால் அரசு பிழைத்தது. ஸ்லைகோ தொகுதியின் ஜான் ஜிங்க்ஸ் எதிர்த்து வாக்களிக்க வேண்டியவர். ஆளைக் காணோம்! யாரோ நன்றாக ஊற்றிக் கொடுத்து ஊருக்கு ரயிலேற்றிவிட்டார்கள் என்று டப்ளின் முழுக்கப் பேச்சு. அவர் மறுத்தார். 1929-இல் இங்கிலாந்தின் பெரிய பந்தயம் ஒன்றில் ஜெயித்த குதிரைக்கு மிஸ்டர் ஜிங்க்ஸ் என்று பெயர்.

அடுத்த ஐந்து வருடங்களை வேகமாகக் கடந்துவிடலாம். ஷானன் ஆற்றில் நீர்மின் நிலையம் எழுந்தது. 1931 வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தில், டொமினியன்கள் பிரிட்டிஷ் சட்டத்தையே மாற்றிக்கொள்ளலாம் என்ற உரிமை கிடைத்தது. காஸ்கிரேவின் ஆட்கள் லண்டனில் மாநாடு மாநாடாக உட்கார்ந்து வாங்கி வந்த உரிமைகளில் அதுவும் ஒன்று. பிற்பாடு அதை வைத்துத்தான் டி வலேரா ஒப்பந்தத்தைத் துண்டு துண்டாகக் கழற்றினார்.

1932 பிப்ரவரி தேர்தலில் ஆளுங்கட்சியின் சுவரொட்டி, துப்பாக்கிக்காரர்கள் ஃபியானா ஃபாலுக்குத்தான் ஓட்டுப் போடுகிறார்கள் என்றது. எதிர்க்கட்சியோ வேலை, வீடு, சத்தியப் பிரமாண ஒழிப்பு என்று பேசியது. முடிவு: ஃபியானா ஃபால் 72, கமன் நா கேல் 57. தொழிற்கட்சியின் 7 பேர் டி வலேரா பக்கம்.

மார்ச் 9, சபை கூடும் நாள். ஃபியானா ஃபால் உறுப்பினர்கள் சிலர் கோட்டுப் பையில் கைத்துப்பாக்கியோடு வந்தார்கள். டி வலேராவின் மகனும் துப்பாக்கியோடுதான் அப்பாவுக்குக் கூட வந்தார். ஒன்பது வருடத்துக்கு முன் தங்களைச் சுட்டவர்கள் ஒரு தேர்தலுக்காக எழுந்து போய்விடுவார்கள் என்று எப்படி நம்புவது? பயம் நியாயமானதுதான். போலீஸ் தலைவர் ஓயின் ஓ'டஃபி ஆட்சிக் கவிழ்ப்புக்கு ஆழம் பார்க்கிறார் என்ற பேச்சும் இருந்தது. ராணுவம், போலீஸ், அரசு அதிகாரிகள் எல்லாமே காஸ்கிரேவ் தரப்பு வளர்த்தவை.

வாக்கெடுப்பு நடந்தது. 81-க்கு 68 என்று டி வலேரா தலைவரானார். காஸ்கிரேவ் எழுந்து எதிர்க்கட்சி வரிசைக்குப் போனார். நடந்தது அவ்வளவுதான், ஒரு துப்பாக்கியும் வெளியே வரவில்லை.

டி வலேராவையும் இங்கே பாராட்ட வேண்டும். வந்ததும் அரசியல் கைதிகளை விடுவித்தார். ஆனால் பழைய அதிகாரிகளைக் கூண்டோடு மாற்றவில்லை. ஓ'டஃபியைக்கூட மறு வருடம்தான் நீக்கினார். அந்த ஓ'டஃபி நீலச்சட்டைப் படையின் தலைவராகி, இத்தாலி பாணியில் கைதூக்கி வணக்கம் போட ஆரம்பித்தார். 1933-இல் கட்சிகள் இணைந்து ஃபைன் கேல் உருவானபோது, காஸ்கிரேவ் தரப்பு அந்த மனிதரையே தலைவராக ஏற்றுக்கொண்டது. ஒரு வருடத்தில் அவர் போய்விட்டார், கறை போகவில்லை. 1932 மார்ச்சில் அவ்வளவு நிதானமாக எழுந்து போனவர்கள், மறு வருடமே இப்படி ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு இன்னும் பிடிபடாத இடம் இது.

காஸ்கிரேவ் மறுபடி ஆட்சிக்கு வரவே இல்லை. 1944-இல் ஒதுங்கினார், 1965-இல் இறந்தார். அப்போது பிரதமர் ஷான் லெமாஸ். லெமாஸின் அண்ணன் நோயல் 1923-இல் கடத்தப்பட்டவர், சில மாதம் கழித்து டப்ளின் மலைப்பகுதியில் உடல் கிடைத்தது. செய்தது அரசுத் தரப்பு ஆட்கள் என்பது ஊரறிந்த விஷயம். அந்த லெமாஸ்தான் சபையில் எழுந்து காஸ்கிரேவின் பணியைப் புகழ்ந்து பேசினார்.

1923 ஜனவரியில் காஸ்கிரேவின் வீட்டைக் கொளுத்தினார்கள் என்றேனே, அப்போது அந்தக் குடும்பத்தில் ஒரு பையன் இருந்தான். லியம். மூன்று வயது நிறையவில்லை. 1973 மார்ச்சில் அவர் ஃபைன் கேல் தலைவராகத் தேர்தலில் ஜெயித்துப் பிரதமரானார். பதவி முத்திரையை வாங்கிக்கொள்ளக் குடியரசுத் தலைவர் மாளிகைக்குப் போனார். அங்கே குடியரசுத் தலைவர் டி வலேரா. வயது 90, பார்வை அநேகமாகப் போய்விட்டது. முத்திரையை எடுத்து காஸ்கிரேவின் மகன் கையில் கொடுத்தார்.

நன்றி. வணக்கம்.