குளிருக்குக் கட்டும் குடில், செந்தூல் வெயிலில் என்ன ஆகும்?

[காட்சி: வீட்டுப் பின்பக்கம். கம்பியில் தொங்கும் வெப்பமானி. கேமரா மெல்ல நெருங்குகிறது.]

46 டிகிரி. மதியம் இரண்டு மணி. என் தக்காளிச் செடிகள் நின்ற இடம் இது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எடுத்த காட்சி. லண்டனில் இருக்கும் என் அக்கா, செடிகளைக் குளிரிலிருந்து காக்கத் தன் தோட்டத்தில் வைத்திருக்கும் கண்ணாடிக் குடிலை (கிரீன்ஹவுஸ்) வீடியோ காலில் காட்டிக் காட்டி எனக்கும் ஆசையைக் கிளப்பிவிட்டாள். கோலாலம்பூரில், செந்தூலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்கு எட்டடி இடம் சும்மா கிடந்தது. பிவிசி குழாயில் கூடு கட்டினேன். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் சுற்றினேன். ஜிப் வைத்த கதவு வேறு. காற்று நுழைய ஓர் ஓட்டைகூட விடவில்லை, அவ்வளவு அக்கறை.

பக்கத்து வீட்டு ஆண்டி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, செடிக்கு சுவெட்டர் மாட்டி விட்டிருக்க?"

சிரித்தேன். மூன்று வாரம் கழித்துப் புரிந்தது.

[காட்சி: தக்காளிப் பூங்கொத்து, மிக நெருக்கத்தில்.]

செடி பூக்காமல் இல்லை. நன்றாகவே பூத்தது. ஆனால் இந்தக் காம்பைப் பாருங்கள். நடுவில் முழங்கால் மாதிரி ஒரு கணு தெரிகிறதா? அந்த இடம் மஞ்சளாகும். அப்புறம் விரல் பட்டாலே போதும், பூ கையோடு வந்துவிடும். காலையில் தரையெல்லாம் மஞ்சள் பூ. ஒரு பிஞ்சு கிடையாது.

தக்காளி நன்றாகப் பிஞ்சு பிடிக்க இரவில் 15 முதல் 20 டிகிரி வேண்டும். பகலில் 32-ஐத் தாண்டினால் மகரந்தம் கெட ஆரம்பிக்கும். கோலாலம்பூரில் இரவே 24 டிகிரி வாக்கில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் இல்லாமலே திணறும் செடியைக் கொண்டுபோய் நான் அடுப்பில் வைத்திருக்கிறேன்.

சரி, இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? வெயில் உள்ளே வரும், வெப்பக்கதிர் வெளியே போக முடியாமல் கண்ணாடி தடுத்துவிடும் என்று பள்ளியில் படித்திருப்போம். 1909-இல் ஆர். டபிள்யூ. வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். இரண்டு பெட்டி. ஒன்றுக்குக் கண்ணாடி மூடி. இன்னொன்றுக்கு வெப்பக்கதிரைத் தாராளமாக வெளியே விடும் பாறை உப்புத் தகடு. இரண்டுக்கும் ஒரே மாதிரியான வெயில் கிடைக்கும்படி செய்து பார்த்தபோது, ஒரு டிகிரி வித்தியாசம்கூடத் தேறவில்லை. குடிலைச் சூடாக்குவதில் பெரிய பங்கு, உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக்குத்தான். சுட்ட காற்று மேலே எழும்பும், போக வழியில்லை, அங்கேயே சுற்றும்.

அக்காவுக்கு அந்தக் காற்றுதான் சொத்து. டிசம்பரில் லண்டனில் பகல் வெளிச்சம் எட்டு மணி நேரம்கூட இல்லை. நடுப்பகலிலும் சூரியன் தெற்கே தாழ்வாகத்தான் நிற்கும். அதனால் குடிலின் கண்ணாடியைத் தெற்கு பார்த்து வைக்கிறார்கள். உள்பக்கம் குமிழி பிளாஸ்டிக் ஒட்டுகிறார்கள். கறுப்பு பெயின்ட் அடித்த பீப்பாயில் தண்ணீர் நிரப்பி வைக்கிறார்கள். பகலில் வாங்கிய சூட்டை அது இரவில் மெல்ல விடும். அதுவும் போதாத இரவில் சின்ன ஹீட்டர், 5 டிகிரிக்குக் கீழே போனால் தானே ஓடும். இவ்வளவு செய்தும் கீரை, லெட்டூஸ் மாதிரி குளிர் தாங்குபவைதான் பிழைக்கும், அவையும் வளராமல் அப்படியே நிற்கும். மதியத்தில் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறக்காவிட்டால் ஈரம் தங்கி இலையில் சாம்பல் பூசணம் வந்துவிடும். அவளுடைய கறிவேப்பிலைத் தொட்டி நவம்பரிலேயே சமையலறை ஜன்னலோரம் ஏறிவிடுகிறது. இங்கே அதே செடி வடிகால் ஓரமாக, யாரும் திரும்பிப் பார்க்காமலே கூரை உயரத்துக்கு நிற்கிறது!

[காட்சி: கேமரன் மலைச் சரிவில் வரிசையாக வெள்ளைக் கூரைகள்.]

அப்படியானால் இங்கே மலேசியாவிலேயே இருக்கும் கேமரன் மலையில் இத்தனை பிளாஸ்டிக் கூரை எதற்கு? நானும் குளிருக்குத்தான் என்று நினைத்திருந்தேன். அங்கே குளிர் ஏற்கெனவே அளவாக இருக்கிறது. சுமார் 1,500 மீட்டர் உயரம், நம்மைவிட எட்டு ஒன்பது டிகிரி குறைவு, தக்காளிக்குச் சொர்க்கம். அந்தக் கூரைகள் பெரும்பாலும் மழைக்காக. பக்கவாட்டில் பார்த்தால் நிறைய கொட்டகைகளுக்குச் சுவரே இருக்காது.

நமக்கும் கூரையின் வேலை அதுதான். கோலாலம்பூரில் ஏப்ரலிலும், அக்டோபர் நவம்பரிலும் சாயங்கால மழை விடாமல் பிடிக்கும். மிளகாய் வளர்ப்பவர்களுக்கு அந்த மாதங்கள் தெரியும். பழம் சிவக்கும் நேரத்தில் வட்டமாகக் குழிந்து, கறுத்து அழுகும். அந்தப் பூசண வித்து மழைத்துளி தெறித்துத்தான் செடிக்குச் செடி தாவுகிறது. இலையும் பழமும் நனையாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

[காட்சி: கத்தரிக்கோலால் பக்கவாட்டுப் பிளாஸ்டிக்கை வெட்டுவது.]

அதனால் நான்கு பக்கமும் வெட்டி எடுத்தேன். மனசு கொஞ்சம் வலித்தது, ஜிப் கதவுக்குக் காசு கொடுத்தவன் நான்தானே. கூரை மட்டும் மிச்சம். அதையும் உச்சியில் பிரித்து, ஒரு பாதி இன்னொரு பாதிக்கு மேலே ஓர் அடி தூக்கி நிற்கிற மாதிரி மாற்றினேன். சூடான காற்று அந்த இடைவெளி வழியாக வெளியேறிவிடும். மேல் பாதி நீட்டிக்கொண்டிருப்பதால் மழை உள்ளே வராது. அடுத்த நாள் அதே இரண்டு மணிக்கு 35 டிகிரி. வெளியே 33.

நிழல்வலை விஷயத்தில் ஒரு தப்புச் செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். அக்கா சொன்னாள் என்று தெற்குப் பக்கம் மட்டும் கட்டினேன். இங்கே மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும், அதுவும் நம் கடிகாரத்தில் ஒன்றேகால் மணி வாக்கில். இடைப்பட்ட மாதங்களில் வடக்கே சாய்ந்துவிடும். ஜூன் மாதம் என் வலை சுவருக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது, செடி வெயிலில் நின்றது. இப்போது கூரைக்குக் கீழேயே இழுத்து மூடுகிற மாதிரி வைத்திருக்கிறேன், பதினொன்றிலிருந்து மூன்று வரை.

பூச்சிவலை கட்டலாமா என்று கேட்பீர்கள். வெள்ளை ஈயைத் தடுக்கும் அளவு நெருக்கமான வலை, காற்றையும் தடுக்கும். இந்தச் சின்ன இடத்துக்கு எனக்குக் காற்றுதான் முக்கியம். ஆனால் ஒன்று: மழை அடிக்காத செடியில் பூச்சி கழுவிப் போகாது. இலைப்பேனும் சிலந்திப்பேனும் இலைக்கு அடியில் நிம்மதியாகக் குடும்பம் நடத்தும். வாரம் இருமுறை காலையில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுகிறேன், வெயில் ஏறுமுன் காய்ந்துவிடும்.

அப்புறம் கூரையை இறுக்கிக் கட்டுங்கள். சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் வரும் புயல்காற்று ஒருமுறை என் பிளாஸ்டிக்கை ஆண்டி வீட்டுத் துணிக்கொடியில் கொண்டுபோய்ப் போட்டது.

[காட்சி: கூரை விளிம்பிலிருந்து குழாய் வழியாகப் பீப்பாயில் விழும் மழைத்தண்ணீர்.]

கடைசியாக, பீப்பாய். அக்காவுக்கு அது ஹீட்டர், எனக்கு மழைத்தண்ணீர்த் தொட்டி. கூரை போட்ட பிறகு செடிக்கு மழை கிடையாது, கையால்தான் ஊற்ற வேண்டும். ஆனால் திறந்த தண்ணீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் பத்து நாளுக்குள் பறக்கத் தயாராகிவிடும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்க மலேசியாவில் வந்த 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டு வளாகத்தில் கொசுப்புழு கண்டால் அபராதமும் உண்டு. மூடி போடுங்கள். குழாய் நுழையும் வாயில் மெல்லிய வலை கட்டுங்கள். செடி நட்ட பிளாஸ்டிக் பைக்கு (பாலிபேக்) கீழே வைக்கும் தட்டையும் மறக்காதீர்கள்; என் வீட்டில் புழு நெளிந்தது பீப்பாயில் இல்லை, அந்தத் தட்டில்தான்.

[காட்சி: கூரைக்குக் கீழே மிளகாய்ச் செடிகள், வெளியே மழை கொட்டுகிறது. ஆண்டியின் கை வேலிக்கு மேலே ஒரு சின்னக் கூடையை நீட்டுகிறது.]

தக்காளியை விட்டுவிட்டேன். இப்போது இங்கே நிற்பது எல்லாம் மிளகாய்.