ஊரார் வைத்த பேர்

நடுவர் அவர்களுக்கும், அசனத்துக்கு, அதாவது சபையார் சேர்ந்து சாப்பிடுற விருந்துக்கு, அடுப்பு மூட்டிட்டு வந்து முன்வரிசையில உட்கார்ந்திருக்கிற அக்காமார்களுக்கும், ரெண்டு அணியினருக்கும் வணக்கம். பத்து நிமிஷம்தான்னு சொல்லிட்டாங்க. நேரே வந்துடுறேன்.

ஒருவரைக் கிறிஸ்தவராக்குவது அறிக்கையிடும் விசுவாசமா, வாழும் வாழ்க்கையா? வாழ்க்கைதான்னு சொல்ல நிக்கிறேன்.

எதிரணித் தம்பி என் அணியைப் பார்த்து ஒண்ணு கேட்டாரு. "சோறு போடுறவங்க எல்லாம் கிறிஸ்தவங்கன்னா, நம்ம பஸ் ஸ்டாண்டு மெஸ்காரர்தான் பிஷப்!" நீங்களும் விழுந்து விழுந்து சிரிச்சீங்க. சிரிங்க, பண்டிகை ராத்திரிதானே. ஆனா அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாம நான் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

2023 டிசம்பர் 17. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல நின்னுபோச்சு. சுத்தி தண்ணி, சுமார் 800 பயணிகள். அவங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டது யாரு? பக்கத்துப் புதுக்குடி மக்கள். அவங்க வீட்டுக்குள்ளயும்தான் வெள்ளம். இருந்த அரிசியக் கொண்டுவந்து, அம்மன் கோயில்ல வச்சுச் சமைச்சுப் போட்டாங்க.

தம்பி, அவங்களை நான் கிறிஸ்தவங்கன்னு சொல்லலை. சொல்லவும் மாட்டேன். அவங்க அவங்க சாமியக் கும்பிட்டு, அவங்க மனசால செஞ்சாங்க. அந்தப் புண்ணியத்துல நம்ம சீட்டை ஒட்ட எனக்கு உரிமை கிடையாது. ஆண்டவரே அதைச் செய்யலையே! அவர் சொன்ன கதையில, அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிக் கழுதை மேல ஏத்தின சமாரியனை, யூதங்க ஒதுக்கி வச்ச ஆளை, அவரு இன்னைக்கு முதல் நீ யூதன்னு சொன்னாரா? இல்லை. கேள்வி கேட்ட நியாயசாஸ்திரியப் பார்த்து, நீயும் போய் அந்தப்படியே செய்னாரு. பாடம் சமாரியனுக்கு இல்லை தம்பி. வேதத்தைக் கரைச்சுக் குடிச்சவனுக்கு.

அதனால மெஸ்காரரை விட்டுடுவோம். அவர் பேர்ல கேள்வியே இல்லை. கேள்வி, கிறிஸ்தவன்னு பேர் வச்சிக்கிட்டிருக்கிற நம்ம மேலதான்.

அந்தப் பேர் எப்படி வந்துச்சு? அப்போஸ்தலர் நடபடிகள் 11, வசனம் 26. "முதல்முதல் அந்தியோகியாவிலே சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்கிற பேர் வழங்கிற்று." வழங்கிற்று! அவங்க கூடி உட்கார்ந்து தீர்மானம் போட்டு வச்சிக்கிட்ட பேர் இல்லை. ஊரார் பார்த்து வச்ச பேர். புதிய ஏற்பாடு முழுக்கத் தேடுங்க, அந்தச் சொல் மூணே இடத்துலதான் வருது. ஊராருக்கு நம்ம நெஞ்சுக்குள்ள இருக்கிற விசுவாசம் தெரியுமா? அவங்க கண்ணுக்குத் தெரியுறது நம்ம நடை ஒண்ணுதான்.

நாம என்ன நம்புறோம்னு சபையில எல்லாரும் சேர்ந்து சொல்ற விசுவாசப் பிரமாணத்தைத் தம்பி அழகாச் சொன்னாரு. நானும் வாராவாரம் எழும்பி நின்னு சொல்றவதான். ஆனா கவனிச்சிருக்கீங்களா? கன்னிமரியாளிடத்தில் பிறந்தார்னு சொல்லி முடிக்கலை, உடனே பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டார். பிறப்புக்கும் பாடுகளுக்கும் நடுவுல அவர் குஷ்டரோகியைத் தொட்டது, பசிச்சவனுக்கு அப்பம் பிட்டது, வரி வசூலிக்கிற ஆயக்காரன் வீட்ல சாப்பிட்டது எதுவும் அதுல இல்லை. இன்னும் கேளுங்க. நம்ம திருநெல்வேலிச் சீமையிலேயே, வடக்கன்குளத்துல 1872-ல கட்டின கிறிஸ்தவக் கோயிலுக்கு ரெண்டு சிறகு. ஒரு சாதிக்கு ஒண்ணு. ஒரே பீடம், ஒரே பூசை, நடுவுல தடுப்பு. 1910-லதான் அதை இடிச்சாங்க. அத்தனை வருஷமும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே விசுவாசப் பிரமாணத்தைத்தான் சொன்னாங்க. ஒரு எழுத்துப் பிசகலை. பிசாசுகளும் விசுவாசிச்சு நடுங்குதுன்னு வேதத்துல யாக்கோபு எழுதினது சும்மாவா?

இப்ப எங்க ஆச்சி கதைக்கு வாரேன்.

எங்க வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவுல ஒரு உடைமுள் வேலி. தாத்தா இறந்த வருஷம் ஆச்சி அந்த வேலியை ரெண்டு முழம் தள்ளிப் போட்டாங்க. அதுல ரெண்டு பனை எங்க பக்கம் வந்துடுச்சு. பக்கத்து வீட்டுப் பாட்டி, சுடலைமாடனைக் கும்பிடுறவங்க, புருஷன் இல்லாதவங்க, வந்து கேட்டாங்க. ஆச்சி வேதப்புத்தகத்து மேல கை வச்சு, எங்க இடம்தான்னுட்டாங்க. ஏழு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. அந்தப் பனை நுங்கை நானும் சாப்பிட்டிருக்கேன். இனிப்பாத்தான் இருந்துச்சு.

அப்ப எனக்கு ஒன்பது வயசு. திருவிருந்து ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் குடுக்கிற நாள். ஆச்சி வெள்ளைச் சேலை கட்டி, என் கையப் பிடிச்சிக்கிட்டுப் பாயில உட்கார்ந்திருக்காங்க. ஐயரு, எங்க சபைப் பாதிரியார், வாசிக்கிறாரு, அயலாரோட அன்பும் சமாதானமுமா இருக்கிறவங்க கிட்ட வாங்கன்னு. மாசாமாசம் வாசிக்கிறதுதான். அன்னைக்கு மட்டும் என்ன ஆச்சோ, ஆச்சி எழும்பினாங்க. எல்லாரும் முன்னால போறாங்க, ஆச்சி பின்னால போறாங்க! வாசலைத் தாண்டி, செருப்பு கூடப் போடாம, தேரி மணல்ல வேக வேகமா நடக்காங்க. நான் பின்னால ஓடுறேன். "ஆச்சி, ஆச்சி, அப்பம் குடுக்காங்க ஆச்சி!" திரும்பிப் பார்க்கலை.

வீட்டுக்குப் போய் மண்வெட்டிய எடுத்தாங்க. வெள்ளைச் சேலையோட வேலியப் பிடுங்க ஆரம்பிச்சாங்க. உடைமுள் தெரியும்ல உங்களுக்கு? உள்ளங்கையில ஏறி முறிஞ்சுபோச்சு. சேலை எல்லாம் ரத்தம். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்தாங்க. ஏழு வருஷத்துல முதல் பேச்சு.

"என்ன மைனி, இன்னைக்குக் கோயிலுக்குப் போகலையா?"

"பாதியில வாரேன். எடம் உன்னுது. பனையும் உன்னுது. நான் பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன்."

அந்தப் பாட்டி ஒண்ணும் சொல்லலை. தாலி இல்லாத கழுத்துச் சரட்டுல கிடந்த ஊக்கை எடுத்தாங்க. ஆச்சி கையத் திருப்பி மடியில வச்சு, முள்ளை மெல்ல நிமிண்டி எடுத்தாங்க. எடுத்துக்கிட்டே சொன்னாங்க: "முப்பது வருஷமா மணி அடிச்சா போற. இன்னைக்குத்தான் மைனி நீ வேதக்காரி."

நடுவர் அவர்களே, இந்தச் சீமையில கிறிஸ்தவங்களுக்கு ஊரார் வச்ச பேரு வேதக்காரங்க. அன்னைக்கு எங்க ஆச்சி அப்பம் வாங்கலை, ரசம் வாங்கலை. அந்தியோகியாவுல வழங்கின பேரை வாங்கினாங்க. முள் வேலிக்கு நடுவுல, சுடலைமாடனைக் கும்பிடுற ஒரு அம்மா வாயால வாங்கினாங்க!

மணி அடிச்சிட்டாங்க. ஒரே நிமிஷம் குடுங்க.

ஆச்சி எண்பத்தி ரெண்டு வயசுல போய்ச் சேர்ந்தாங்க. முற்றத்துல பெட்டி. ஐயரு வந்து ஜெபிச்சாச்சு, பாட்டுப் பாடியாச்சு, மூடப் போறாங்க. பக்கத்து வீட்டுப் பாட்டி கூனிக்கிட்டு கம்பை ஊனி வந்தாங்க. கூட்டம் வழி விட்டுச்சு. பெட்டிக்குள்ள கையை விட்டு, வெள்ளைத் துணிக்கு அடியில ஆச்சியோட வலது கையத் தேடி எடுத்தாங்க. உள்ளங்கையத் திருப்பினாங்க. கண்ணு சரியாத் தெரியாது அவங்களுக்கு. பெருவிரலால தடவித் தடவி, அந்த முள் ஏறின தழும்பைக் கண்டுபிடிச்சாங்க. அதுமேல விரலை வச்சிக்கிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாங்க. மூட வந்த ஆட்கள் மூடியக் கையில பிடிச்சிக்கிட்டே நின்னாங்க.

நன்றி. வணக்கம்.