பழைய வயர்லெஸ் செட்டும் இரண்டு மீட்டர் அலைவரிசையும்

நேயர்களுக்கு வணக்கம்.

கைபேசி வருவதற்கு முந்திய காலத்தில் காவல்துறை ஜீப்பிலோ தீயணைப்பு வண்டியிலோ ஏறிப் பார்த்தவர்களுக்கு டேஷ்போர்டின் கீழே திருகி வைத்திருந்த அந்தக் கனத்த பெட்டி நினைவிருக்கும். அதிலிருந்து சுருள் கம்பியில் ஒரு மைக் தொங்கும். அதன் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். அதே போன்ற செட்டுகள் துறைமுகங்களிலும், தேயிலைத் தோட்டங்களிலும், பின்னாளில் சென்னையின் கால் டாக்சிகளிலும் இருந்தன. இன்று அவற்றில் பல எடைக்குப் போய்விட்டன. எஞ்சியவற்றை அமெச்சூர் வானொலிக்கு ஏற்றபடி மாற்றி மீண்டும் பேச வைப்பது எப்படி என்பதுதான் இன்றைய உரையின் பொருள்.

அமெச்சூர் வானொலியர், அதாவது ஹாம்கள், அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமமும் அழைப்புக் குறியும் பெற்று, தங்களுக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் மட்டும் பேசுபவர்கள். இந்தியாவில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி அவற்றுள் ஒன்று. அலைநீளத்தை வைத்து அதை இரண்டு மீட்டர் என்று சொல்கிறோம். வணிகச் செட்டுகளில் பெரும்பாலானவை இதற்குச் சற்று மேலே, 146 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையில் எங்காவது இயங்கும்படி செய்யப்பட்டவை. ஆகவே செட்டை மாற்றுவது என்றால், அதைச் சில மெகாஹெர்ட்ஸ் கீழே இறக்குவது என்று பொருள்.

கடையில் புதிதாக, உள்ளங்கையில் அடங்கும் செட் மலிவாகக் கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று இளைஞர்கள் என்னிடம் கேட்கிறார்கள். மலிவான கையடக்கச் செட்டுகள் பலவற்றின் ரிசீவர் வாசல் மிக அகலமானது. வாசலை அகலத் திறந்து வைத்தால் வேண்டியவரோடு வேண்டாதவரும் நுழைவார்கள். நகரத்தில் அருகிலேயே பண்பலை நிலையங்களும் வேறு பல டிரான்ஸ்மிட்டர்களும் உரக்க ஒலிக்கும்போது, நாற்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் மெல்லிய குரல் அந்தக் கூட்டத்தில் அமுங்கிப் போகும். பழைய வணிகச் செட்டில், ஆன்டெனாவிலிருந்து வரும் சிக்னல் ஹெலிக்கல் ரெசனேட்டர் எனப்படும், சிறு உலோக அறைகளுக்குள் அமைந்த சுருள்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்த பிறகுதான் முதல் டிரான்சிஸ்டரை அடைகிறது. அந்தச் சுருள்கள் சில மெகாஹெர்ட்ஸ் அகலத்தை மட்டுமே உள்ளே விடும். அந்தக் குறுகிய வாசல்தான் செட்டின் உண்மையான சொத்து. நாம் அதை அகலப்படுத்தக் கூடாது; அப்படியே பெயர்த்து, கீழே நகர்த்தி வைக்க வேண்டும். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

நான் முதன்முதலில் திறந்த செட், நீலகிரியில் ஒரு தோட்ட அலுவலகத்தில் பல ஆண்டுகள் உழைத்து ஓய்ந்தது. அது கிரிஸ்டல், அதாவது அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் குவார்ட்ஸ் துண்டு, வைத்த செட். ஒவ்வொரு சானலுக்கும் அனுப்ப ஒன்று, கேட்க ஒன்று என இரண்டு கிரிஸ்டல்கள், விரல் நகத்தளவு உலோக உறைக்குள் இருக்கும். அதை 145.500 மெகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுவர விரும்பினேன். அனுப்பும் பகுதி கிரிஸ்டலின் அதிர்வெண்ணைப் பன்னிரண்டால் பெருக்குவதால், 145.500-ஐப் பன்னிரண்டால் வகுத்து 12.125 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் வேண்டும் என்று கண்டேன். கேட்கும் பகுதியில், வரும் சிக்னல் 10.7 மெகாஹெர்ட்ஸ் என்ற இடை அதிர்வெண்ணுக்கு மாற வேண்டும், எனவே 145.500-இல் 10.7-ஐக் கழித்தால் 134.8; அங்கே கிரிஸ்டலின் அதிர்வெண் மூன்றால் பெருக்கப்படுவதால், அதை மூன்றால் வகுத்தால் 44.9333 மெகாஹெர்ட்ஸ். இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி, கிரிஸ்டல் வெட்டிக் கொடுப்பவருக்கு அனுப்பிவிட்டுப் பல வாரங்கள் காத்திருந்தேன். கிரிஸ்டலில் நேரும் பிழையும் பெருகும் என்பதை மறக்கக் கூடாது. அடிப்படையில் 100 ஹெர்ட்ஸ் தவறினால், ஆன்டெனாவில் அது 1,200 ஹெர்ட்ஸ்.

கிரிஸ்டலைப் பொருத்தியதும் செட் பேசிவிடாது. ஒவ்வொரு நிலையிலும் உள்ள சுருள்களைப் புதிய அதிர்வெண்ணுக்கு ஒத்திசைக்க வேண்டும். சுருளின் உள்ளே இருக்கும், கோர் எனப்படும் சிறு ஃபெரைட் தண்டைத் திருகினாலே பெரும்பாலும் எட்டிவிடும். சில இடங்களில் கோர் முழுவதும் உள்ளே போன பிறகும் 150 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது. அங்கே மின்தேக்குத் திறனைச் சற்றுக் கூட்ட வேண்டும். எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 150-லிருந்து 145-க்கு வர மின்தேக்குத் திறன் ஏழு சதவீதம் கூடினால் போதும். பத்து பைக்கோஃபாரட் இருக்கும் இடத்தில் முக்கால் பைக்கோஃபாரட்டுக்கும் குறைவு. அவ்வளவு சிறிய கெப்பாசிட்டரைக் கடையில் தேடி அலைய வேண்டியதில்லை. உறையிட்ட இரண்டு மெல்லிய கம்பித் துண்டுகளை ஒன்றோடொன்று சில சுற்று முறுக்கி, இரு முனைகளையும் சுருளின் இரு பக்கமும் பற்றவைத்து, அளவு சரியாக வரும்வரை நுனியைச் சிறிது சிறிதாக வெட்டிக்கொண்டே வரலாம்.

கோரைத் திருக உலோகத் திருப்புளியை ஒருபோதும் எடுக்காதீர்கள். உலோகம் அருகில் வந்தாலே ஒத்திசைவு விலகும் என்பது ஒரு காரணம். ஃபெரைட் கோர் கண்ணாடி போல் நொறுங்கும் என்பது மற்றொன்று. அவசரத்தில் நான் அப்படி ஒரு கோரை உடைத்து, அது சுருளுக்குள்ளேயே இறுகிக்கொண்டதால், அந்தச் சுருளையே கழற்றிப் புதிதாகச் சுற்ற நேர்ந்தது. பிளாஸ்டிக் திருப்புளி சில ரூபாய்தான். அதேபோல, ஆன்டெனாவோ, அதற்குப் பதிலாக ஆற்றலை வாங்கிக்கொள்ளும் 50 ஓம் டம்மி லோடோ இணைக்காமல் பேசும் பொத்தானை அழுத்தக் கூடாது. வெளியேற வழியில்லாத ஆற்றல் திரும்பி வந்து இறுதி டிரான்சிஸ்டரை எரித்துவிடக்கூடும்.

பிற்காலச் செட்டுகளில் சானலுக்குச் சானல் கிரிஸ்டலுக்குப் பதில், வேண்டிய அதிர்வெண்ணை மின்னணு முறையில் உருவாக்கும் சின்தசைசர் வந்தது. மோட்டோரோலாவின் ஜிஎம்300 அவ்வகையில் பலருக்கும் பழக்கமானது. அதில் அலைவரிசைகளை மாற்ற, டாஸ் காலத்து மென்பொருளும், கணினியின் சீரியல் வாயிலைச் செட்டின் ஒற்றைக் கம்பித் தொடர்புக்கு ஏற்ப மாற்றித் தரும் ஓர் இடைப்பெட்டியும் தேவை. புதிய, வேகமான கணினியில் அந்த மென்பொருளின் காலக் கணக்கு தவறி, எழுதும் வேலை பாதியில் முறிந்து, செட்டின் நினைவகமே குலைந்துவிடும். இதற்காகவே 486 எனும் பழைய, மெதுவான கணினி ஒன்றை நான் இன்றும் உறையிட்டுப் பாதுகாக்கிறேன். எதையும் மாற்றுமுன் செட்டில் இருப்பதை அப்படியே படித்து ஒரு நகல் எடுத்து வையுங்கள். 146-க்குக் கீழே எண்ணை எழுதிவிட்டாலும் சின்தசைசர் அங்கே நிலைகொள்கிறதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். நிலைகொள்ளாவிட்டால் அங்கேயும் ஒரு சுருளைச் சரிசெய்யும் வேலை இருக்கிறது.

இந்தக் கலையில் பிரிட்டன் அமெச்சூர்களுக்கு நான் பெரும் மதிப்பு வைத்திருக்கிறேன். 1956-இல் அவர்களுக்கு 70 மெகாஹெர்ட்ஸை ஒட்டி, நான்கு மீட்டர் எனப்படும் அலைவரிசை கிடைத்தது. அதற்கென்று அமெச்சூர் செட் செய்பவர் அநேகமாக எவரும் இல்லை. கேம்பிரிட்ஜின் பை நிறுவனம் போன்றவை வணிக வண்டிகளுக்காகச் செய்த, 68 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரையிலான செட்டுகள் ஓய்வுபெற்று வந்தபோது, அவற்றைச் சிறிது இறக்கி 70.26-இல் பேசினார்கள். ஓர் அலைவரிசையே பல ஆண்டுகள் பழைய செட்டுகளின் தயவில் உயிரோடு இருந்தது. அமெரிக்காவில், 2013 ஜனவரி 1 முதல் வணிகச் சேவைகள் 25 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள சானலை விட்டு 12.5 கிலோஹெர்ட்ஸுக்கு மாற வேண்டும் என்று விதி வந்ததும், நல்ல நிலையிலிருந்த செட்டுகள் ஏராளமாக அமெச்சூர் கைகளுக்கு வந்தன.

நம் நாட்டில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உரிமம் இல்லாமல் இத்தகைய செட்டை வைத்திருப்பதே குற்றம் என்று 1933-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் வைத்திருப்பதற்கே அனுமதி கேட்கிறது. ஆகவே முதலில் உரிமம், பிறகு செட். கைக்கு வந்ததும் பழைய சானல்கள் அனைத்தையும் நீக்கிவிடுங்கள். அதில் முன்பு யார் பேசினார்களோ அவர்களுடைய அலைவரிசையில் தவறுதலாகக்கூட நம் குரல் போய்ச் சேரக் கூடாது.

அந்த நீலகிரி செட்டின் வேலை முடிந்த மாலையில், முப்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த நண்பரைக் கூப்பிட்டேன். "சிக்னல் நன்றாக இருக்கிறது, பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது" என்றார். மீட்டரை வைத்துப் பார்த்தபோது டீவியேஷன், அதாவது குரலுக்கேற்ப அதிர்வெண் இருபுறமும் விலகும் அளவு, 2.5 கிலோஹெர்ட்ஸில் நின்றது. எங்கள் வழக்கம் 5. மைக் பகுதியிலிருந்த சிறு பொட்டென்ஷியோமீட்டரைக் கால் சுற்றுத் திருப்பிவிட்டு, என் அழைப்புக் குறியைச் சொல்லி மறுபடியும் பேசினேன். "இப்போது பக்கத்து அறையில் இருக்கிறீர்கள்" என்றார். திருகுகளை முடுக்கி மூடியைப் போட்டேன். செட் இன்னும் அதே மேசையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

வணக்கம்.